அண்ணனின் எதிராளி

என் அண்ணனுக்குச் சங்கரன்கோவிலில் ஒரு காலத்தில் சண்டைக்காரன் என்று பேர் இருந்தது. ஊரில் சிலம்பம் தெரிந்தவர்கள் உண்டு, குஸ்தி தெரிந்தவர்களும் உண்டு. அவன் கற்றிருந்தது சீனாக்காரர்களின் வித்தை என்பதால் அவன் பேர் தனியாகத் தெரிந்தது. அந்தப் பேர் வளர்ந்த இடம் எங்கள் பெரியப்பா வீட்டு மாட்டுத்தொழுவம். அங்கே அவனுக்கு எதிரே வருஷக்கணக்கில் நின்றவள் நான். இது ஊரில் யாருக்கும் தெரியாது. தெரியாமல் அவன் பார்த்துக்கொண்டான்.

அப்பா பினாங்கில் ஓர் அரிசி ஆலையில் குமாஸ்தாவாக இருந்தார். நாங்கள் இருவரும் அங்கேதான் பிறந்தோம். எங்கள் சந்தில் பாதிப்பேர் சீனர்கள். அடுத்த வீட்டில் எலும்புக்குக் கட்டுப் போடும் சீன வைத்தியர் இருந்தார். பகலெல்லாம் உடைந்த கையும் சுளுக்கிய காலுமாக அவர் வாசலில் ஆட்கள் காத்திருப்பார்கள். சாயங்காலம் பின்முற்றத்தில் தன் மகனுக்கும் மகளுக்கும் குந்தாவ் பழக்குவார். இப்போது குங்ஃபூ என்கிறார்களே, அதை அங்கே எல்லாரும் குந்தாவ் என்றுதான் சொன்னார்கள். ஜப்பான்காரன் வந்து பள்ளிக்கூடம் நின்றுபோன சமயத்தில் நாங்களும் அந்த முற்றத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். அண்ணனுக்குப் பதிமூன்று வயது, எனக்குப் பதினொன்று. அம்மா தடுக்கவில்லை. தெருவில் திரிந்து சிப்பாய்களின் கண்ணில் படுவதைவிட இது மேல் என்று நினைத்தாள்.

சண்டை பழகப் போகிறோம் என்று போனால், முதல் ஆறு மாதம் நிற்கத்தான் பழகினோம். தொடை நடுங்க நடுங்க, இல்லாத நாற்காலியில் உட்கார்ந்ததுபோல நிற்க வேண்டும். பிறகு முன்கையோடு முன்கையை மோதிக்கொள்வது. கீழே, மேலே, மறுபடி கீழே. சித், நுங், சா என்று சீனத்தில் எண்ணிக்கொள்வோம். தோல் கன்றினால் வைத்தியர் ஒரு கறுப்புத் தைலத்தைத் தேய்த்துவிட்டு மறுபடி மோதச் சொல்வார். அதன் பிறகுதான் எங்களை இரண்டிரண்டு பேராக நிறுத்தினார். முதலில், இன்ன கையால் இன்ன இடத்தில் குத்தப்போகிறேன் என்று சொல்லிவிட்டுக் குத்த வேண்டும். அது பழகியபின் இடத்தை மட்டும் சொல்ல வேண்டும், கையைச் சொல்லக் கூடாது. பிறகு எதையும் சொல்லாமல். நின்ற இடத்தில் செய்ததைப் பிறகு நகர்ந்துகொண்டே செய்ய வேண்டும். இஷ்டப்படி சண்டை எல்லாவற்றுக்கும் கடைசியில்தான். அதிலும் முகத்துக்கு ஒரு விரற்கடை தூரத்தில் குத்து நின்றுவிட வேண்டும். நிறுத்தத் தெரியாதவனை வைத்தியர் மறுபடியும் நாற்காலி நிலைக்கு அனுப்பிவிடுவார். அண்ணன் பலமுறை அப்படித் திரும்பிப் போனான்.

ஒரு பழக்கம் மட்டும் எனக்குச் சட்டென்று வந்தது. இருவரும் மணிக்கட்டோடு மணிக்கட்டை ஒட்டி வைத்துக்கொண்டு நிற்க வேண்டும். எதிராளி தள்ளினால் தளர வேண்டும். அவன் விலகினால் பின்னாலேயே போக வேண்டும். அவன் குத்தப்போவது கண்ணுக்குத் தெரியும் முன்னே தோலுக்குத் தெரிய வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு செய்யச் சொல்வார். நாங்கள் அதை ஒட்டுக்கை என்று எங்களுக்குள் சொல்லிக்கொள்வோம். எனக்கு அது வந்ததற்குக் காரணம் புத்திசாலித்தனம் இல்லை. மற்ற மூன்று பேரும் என்னைவிடப் பலசாலிகள். பலத்துக்குப் பலம் நின்றால் நான் சுவரில் போய் மோதுவேன். எனக்கு வேறு வழி இருக்கவில்லை. அண்ணனுக்கு வேறு வழி இருந்தது, அதனால் அவன் அதைக் கற்கவில்லை.

யுத்தம் முடிவதற்குச் சில மாதம் முன்னால் அப்பா காய்ச்சலில் செத்துப்போனார். மருந்து கிடைக்காத காலம். மறு வருஷம் அம்மா எங்களைக் கூட்டிக்கொண்டு கப்பலேறினாள். நாகப்பட்டினத்தில் இறங்கி, ரயில் மாறி மாறி, பார்த்தே இராத சொந்த ஊருக்கு வந்து சேர்ந்தோம்.

பெரியப்பா தாலுகா ஆபீசில் வேலையாக இருந்தார். ரத வீதியை ஒட்டி வீடு, பின்னால் தொழுவம், அதற்கும் பின்னால் முள்வேலி. எங்களை அவர்கள் விரட்டவில்லை. ஆனால் எந்த அடுக்களை யாருடையது என்பது முதல் நாளே எங்களுக்குத் தெரிந்துவிட்டது. பெரியம்மை பேசாமலே அதைத் தெரியவைப்பாள். அண்ணனுக்குப் பருத்தி ஆலையில் எடைபோடும் வேலை கிடைத்தது. நான் தண்ணீர் எடுத்தேன், சாணி வாரினேன், அம்மாவோடு அடுப்படியில் நின்றேன். அப்போது எனக்குப் பதினைந்து வயது.

வந்து ஒரு மாதம் இருக்கும். காலையில் நான் தொழுவம் பெருக்கிக்கொண்டிருந்தபோது அண்ணன் வந்து நின்றான்.

"ஏட்டி, கை மறந்து போவுது. வா, ஒட்டுக்கை போடுவோம்."

"பெரியம்மை பாத்தா?"

"அவ்வோ கோயிலுக்குப் போயிட்டாவ. வர ஒரு மணி நேரம் ஆவும்."

அப்படித்தான் ஆரம்பித்தது. மாடுகளை மேய்ச்சலுக்கு அவிழ்த்துவிட்ட பிறகு, பெரியம்மை காலைப் பூசைக்குப் போய்த் திரும்புவதற்குள், தினமும் ஒரு மணி நேரம். அம்மாவுக்கு மட்டும் தெரியும். கதவைச் சாத்திக்கொள்ளுங்கள் என்பதோடு அவள் நிறுத்திக்கொண்டாள். வீட்டில் மற்றவர்கள் அவன் தனியாகப் பழகுகிறான், நான் சாணி வாருகிறேன் என்று எண்ணிக்கொண்டார்கள். நான் வாரவும்தான் செய்தேன்.

அந்த ஒரு மணி நேரத்தில் மட்டும்தான் நான் யாருடைய வீட்டிலும் ஒண்டியிருக்கவில்லை என்று எனக்குத் தோன்றும். பினாங்கில் அரைகுறையாக விட்டுவந்ததை எல்லாம் அங்கேதான் நாங்கள் முடித்தோம். அவன் தோளைப் பார்க்கப் பழகினேன். கை பொய் சொல்லும், தோள் சொல்லாது. அவன் மூச்சைக் கேட்கப் பழகினேன். பெரிய குத்துக்கு முன்னால் அவன் மூச்சைப் பிடிப்பான். இரண்டே வருஷத்தில் அவனால் என்னைத் தொட முடியாமல் போய்விட்டது. அவன் கை வரும் இடத்தில் நான் இருக்க மாட்டேன். என் குத்து அவன் மூக்குக்கு முன்னால் வந்து நின்றிருக்கும்.

"நீ ஏமாத்துத," என்பான்.

"எங்க ஏமாத்துனேன்?"

"எதுத்து நிக்காம நழுவிக்கிட்டே இருக்கே. இது சண்டையா?"

"வைத்தியரு சொல்லிக் குடுத்ததே அதானே."

தைலச் சீசாவை உதைத்துத் தள்ளிவிட்டு ஆலைக்குப் போவான். மறுநாள் காலையில் மறுபடி வந்து நிற்பான். வராமல் அவனால் முடியாது. ஊரில் அவனுக்கு எதிரே நிற்க வேறு ஆள் இல்லை.

அவனுக்குப் பேர் வந்தது ஒரு சின்னத் தகராறில். ஆலை வாசலில் மூட்டை தூக்குகிறவர்களிடம் வம்பு செய்த மூன்று பேரை அவன் அடித்துப் போட்டான். மறுவாரமே பத்துப் பன்னிரண்டு இளவட்டங்கள் கற்றுக்கொடுக்கச் சொல்லி வந்துவிட்டார்கள். ஊருக்கு வெளியே குளத்தங்கரையில் அவன் அவர்களுக்குப் பழக்கினான். சிலம்பக்காரர்கள் பார்க்க வந்தார்கள். பார்த்தவர்கள் அவனோடு ஒரு கை மோதிப் பார்க்க வேண்டும் என்றார்கள். சில நாட்கள் தோளில் தடிப்போடு வீட்டுக்கு வருவான். மறுநாள் காலையில் அந்தத் தடிப்பு எனக்கு வந்து சேரும். அவனை அடித்தவன் எப்படி நின்றான், எந்தக் கால் முன்னால், எந்தப் பக்கம் சாய்ந்தான் என்று கேட்டு, நான் அந்த ஆளைப்போல நிற்பேன். அவன் என்னை அடிக்க வழி தேட வேண்டும். பெரும்பாலும் வழியைக் கண்டுபிடித்தவள் நான்தான்.

ஒரு தடவை ராயகிரியிலிருந்து ஒரு குஸ்திக்காரன் வந்தான். நல்ல உடம்பு. அண்ணனின் கையைப் பிடித்து இழுத்துத் தரையில் சாய்த்துவிட்டான். ஆடித் தபசு சமயத்தில் ஊர் கூடும்போது மறுபடி இருவரும் மோதுவது என்று பேச்சு. அண்ணன் ஒரு மாதம் தூங்கவில்லை. கையைப் பிடித்தால் எப்படி உதறுவது என்பதையே திரும்பத் திரும்பச் செய்துகொண்டிருந்தான்.

"உதறாத," என்றேன். "அவன் இழுக்கான்லா, கூடவே போ."

"போனா விழுந்துருவேன்."

"அவன் நினைச்சதுக்கு மேல வேகமாப் போ. அவன்தான் பின்னால சரிவான். என் கையப் பிடிச்சு இழுத்துப் பாரு."

இழுத்தான். நான் போனேன். என் தோள் அவன் நெஞ்சில் முட்டி, அவன் வைக்கோல் கட்டின் மேல் மல்லாந்து விழுந்தான். எழுந்து வைக்கோலைத் தட்டிக்கொண்டு, "இன்னொரு தடவை," என்றான். அந்த மாதம் முழுவதும் இன்னொரு தடவை, இன்னொரு தடவை என்று அவன் விழுந்துகொண்டே இருந்தான்.

தபசன்று பெண்கள் கூட்டத்தில் நின்று பார்த்தேன். குஸ்திக்காரன் இழுத்தான், அண்ணன் போனான், குஸ்திக்காரன் மல்லாந்தான். மூன்று தடவையும் அப்படியே. கூட்டம் அவனைத் தூக்கிக்கொண்டது. யாரோ ஒருவர், "ஏ, இது எங்க படிச்ச மக்கா?" என்று கேட்டார். "சீனாக்கார வைத்தியரு சொல்லிக் குடுத்தது," என்றான். நான் பத்தடி தூரத்தில் நின்றேன். என்னைப் பார்த்தான். பார்த்துவிட்டுத்தான் சொன்னான்.

அன்றைக்கு நான் பெரிதாக வருத்தப்படவில்லை. பெண்பிள்ளை பேரை அத்தனை பேர் நடுவே எப்படிச் சொல்வான் என்று நானே அவனுக்காக வாதாடிக்கொண்டேன். எனக்கு அப்படித்தான் பழக்கப்பட்டிருந்தது.

எனக்குப் பத்தொன்பது வயதானபோது வாசுதேவநல்லூரிலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. குளத்துப் பாசனத்தில் வயல் இருக்கிற குடும்பம், பையன் பள்ளிக்கூட வாத்தியார். பார்க்க வந்த அன்று எல்லாம் நன்றாகத்தான் போனது. மாப்பிள்ளையின் அம்மா என்னைப் பக்கத்தில் உட்காரவைத்து, வளையல் அளவு பார்க்கக் கையைப் பிடித்தாள். பிடித்த கையை விடவில்லை. முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை நீலமும் மஞ்சளுமாகக் கன்றிப்போன தழும்புகள். எலும்பின் மேல் தோல் மரத்து, உள்ளங்கால் தோல்போல இருந்தது. நான் சேலைத் தலைப்பை இழுத்து மறைத்தேன். அவள் இன்னொரு கையையும் திருப்பிப் பார்த்தாள்.

"என்னம்மா இது?"

நான் வாயைத் திறக்கும் முன்னால் அண்ணன் முந்திக்கொண்டான். "மாடு முட்டிட்டு," என்றான்.

"ரெண்டு கையிலயுமா?"

அவள் எழுந்து போகும்போது என் தலையைத் தடவிவிட்டுப் போனாள். அதுதான் தாங்க முடியாமல் இருந்தது. வீட்டில் அடித்து வைத்திருக்கிறார்கள் என்று அவள் முடிவு செய்துவிட்டாள். பதில் வரவே இல்லை.

அம்மா அன்றோடு எங்கள் பழக்கத்தை நிறுத்தினாள். அண்ணன் சரி என்றான். அவனுக்குக் குளத்தங்கரைப் பையன்கள் இருந்தார்கள். எனக்குத்தான் விட முடியவில்லை. காலையில் தொழுவத்தில் தனியாக நின்று, எதிரே ஆள் இருப்பதாக நினைத்துக்கொண்டு மெதுவாகச் செய்வேன். வராத குத்தைத் தடுப்பேன். இல்லாத மணிக்கட்டைத் தேடிக் கையை நீட்டுவேன். மூச்சை வாய்வழியே ஊதி விடுவேன்.

ஒரு வெள்ளிக்கிழமை பெரியம்மை கோயிலுக்குப் போன வழியில் எதையோ மறந்துவிட்டுத் திரும்பி வந்தாள். தொழுவத்துக் கதவு இடுக்கில் என்னைப் பார்த்தாள். சாணிக்கூடையைக் கீழே வைத்துவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு, காற்றில் கையைத் துழாவிக்கொண்டு, ஊஸ் ஊஸ் என்று மூச்சு விட்டுக்கொண்டிருந்த என்னை. அவள் போட்ட சத்தத்தில் அக்கம்பக்கம் கூடிவிட்டது. பேய் என்று சொல்ல அதற்கு மேல் எதுவும் வேண்டியிருக்கவில்லை.

கூடத்தில் பெரியப்பா, பெரியம்மை, அம்மா, அண்ணன் எல்லாரும் இருந்தார்கள். நான் சொன்னேன், "எனக்கு ஒண்ணும் இல்ல. பினாங்குல படிச்சது. அண்ணன்ட்ட கேளுங்க. ரெண்டு பேரும்தான் படிச்சோம்."

பெரியப்பா அவன் பக்கம் திரும்பினார். அவன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். அவன் கணக்குப் போடுகிறான் என்று எனக்குத் தெரிந்தது. அவன் தோளைப் பார்த்தே எனக்குத் தெரியும். ஆமாம் என்றால், யாரோடு படித்தாய், யாரோடு பழகினாய், இந்தத் தழும்பெல்லாம் யார் போட்டது என்று வரும். குளத்தங்கரை வரை போகும். தங்கச்சியிடம் அடி வாங்கிப் படித்தவன் என்று ஒரு பேச்சு வந்தால் போதும்.

"படிச்சது நான் மட்டும்தான்," என்றான். "இவளுக்கு அங்க வச்சே அப்பப்ப இப்படி வரும். அப்பா செத்ததுக்கப்புறம் கூடிப்போச்சு."

அவன் என்னை அடித்ததிலேயே சரியாக விழுந்த அடி அதுதான். வந்தது எனக்குத் தெரியவில்லை.

அம்மாவைப் பார்த்தேன். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அப்புறம் அடுக்களையில் தனியாக இருந்தபோது கேட்டேன்.

"உனக்குத் தெரியும்லா. ஏன் சொல்லல?"

"அவன் பேரு கெட்டா நாம எங்கன போய் நிப்போம்? நாலு நாள் கோயில்ல உக்காந்துட்டு வா மக்கா. தேய்ஞ்சா போவே?"

எங்கள் ஊர்க் கோயிலில் அம்மன் சந்நிதிக்கு எதிரே தரையில் ஒரு சக்கரக் குழி உண்டு. பேய் பிடித்தவர்கள், சித்தம் கலங்கியவர்கள் அதில் உட்கார்ந்து கும்பிட்டால் தெளியும் என்பார்கள். ஒரு மண்டலம், செவ்வாயும் வெள்ளியும், பெரியம்மை என்னைக் கூட்டிப்போய் அங்கே உட்காரவைத்தாள். நெற்றியில் புற்றுமண்ணைப் பூசிவிடுவாள். என் முறை வந்ததும் குழியில் உட்காருவேன். அசையாமல் உட்காருவேன். மணிக்கணக்கில் அசையாமல் நின்று பழகிய உடம்பு. அதைப் பார்த்து பெரியம்மை, "கெட்டிப்பேயில்லா, அசைய மாட்டேங்கு," என்று வருகிறவர்களிடம் எல்லாம் சொன்னாள். தெருக்காரர்கள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு பார்க்க வந்தார்கள். குளத்தங்கரைப் பையன்களில் இரண்டு பேர் வந்தார்கள். என் அண்ணனிடம் படித்தவர்கள். நான் கற்றுக்கொடுத்ததைத்தான் அவனிடம் கற்றுக்கொண்டிருந்தவர்கள். அவர்கள் என்னைப் பார்த்துப் பரிதாபப்பட்டார்கள்.

பக்கத்தில் கரிசல்காட்டு ஊரிலிருந்து வந்த ஒரு பெண் இருந்தாள். இரண்டு பிள்ளைக்காரி. தலைவிரி கோலமாக ஆடுவாள். ஒரு வெள்ளிக்கிழமை ஆடி முடித்து மூச்சு வாங்கிக்கொண்டே கேட்டாள்.

"உனக்கு எந்தப் பேயி?"

"எனக்குப் பேயில்ல."

"எனக்கும்தான் இல்ல. இங்கன வந்தா ரெண்டு நாளைக்குக் காட்டு வேலை கிடையாதுல்லா." என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "நீ இப்படிக் கல்லு மாதிரி இருந்தா உன்னை விடமாட்டாவ. தலையை ஆட்டு. ஆடி அடங்குனாத்தான் போச்சும்பாவ."

மறு செவ்வாய்க்கிழமை நான் தலையை ஆட்டினேன். முடியை அவிழ்த்துவிட்டு, அவள் ஆடியதுபோலவே ஆடினேன். போறேன், போறேன் என்று கத்தினேன். தள்ளினால் தளர வேண்டும் என்று படித்திருந்தேன், தளர்ந்தேன். பெரியம்மை கன்னத்தில் போட்டுக்கொண்டாள். பேய் போய்விட்டது என்று மாவிளக்கு ஏற்றினார்கள். ஏழெட்டு வருஷம் கற்ற வித்தையில் என் பிழைப்புக்கு உதவியது அந்த ஒன்றுதான். அதை நினைத்தால் இன்றைக்கும் வாய் கசக்கிறது.

அதன் பிறகு நானும் அண்ணனும் பேசிக்கொள்ளவில்லை. மூன்று நான்கு மாதம் கழித்து, ஒருநாள் காலையில் அவனாகவே தொழுவத்துக்கு வந்தான். ராஜபாளையத்தில் ஒரு பெரிய போட்டி இருந்தது. அடிமுறை என்கிற வெறுங்கைச் சண்டை தெரிந்த ஒருவனோடு மோத வேண்டும். அந்த ஆள் வேகமானவன் என்று அண்ணன் கேள்விப்பட்டிருந்தான்.

"ஒரு வாரம் மட்டும் வா," என்றான். "பயலுவளோட பழகிப் பழகிக் கை மந்தமாயிட்டு."

"எனக்குத்தான் பேயி வருமே."

"அதெல்லாம் இப்ப எதுக்கு? வா."

நான் கூடையை வைத்துவிட்டு அவனுக்கு எதிரே போய் நின்றேன். ஏன் போனேன் என்று கேட்டால், ஆசைதான். கை அரித்தது. மணிக்கட்டு அவன் மணிக்கட்டைத் தொட்டதும் உடம்பெல்லாம் விழித்துக்கொண்டது. அவன் உண்மையாகவே மந்தமாகியிருந்தான். முதல் குத்து அவன் மூக்குக்கு முன்னால் நின்றது. இரண்டாவதும் நின்றது. அவன் எரிச்சலோடு மூச்சைப் பிடித்தான், இடது தோள் உயர்ந்தது, விலாப்பக்கம் முழுசாகத் திறந்து கிடந்தது. மூன்றாவதை நான் நிறுத்தவில்லை.

கை தவறியது என்று யாரிடமும் சொன்னதில்லை, இங்கேயும் சொல்லப்போவதில்லை. இடுப்பிலிருந்து முழு எடையோடு போனது. உள்ளே ஏதோ சுள்ளி ஒடிந்ததுபோலக் கேட்டது. அவன் முட்டி போட்டுச் சாணித்தரையில் உட்கார்ந்தான். கத்தக்கூட மூச்சில்லை.

நான்தான் கட்டுப் போட்டேன். வைத்தியர் விலாவுக்குக் கட்டுவதை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். பழைய வேட்டியைக் கிழித்து, மூச்சை வெளியே விடச் சொல்லி, நெஞ்சைச் சுற்றி இறுக்கினேன். அவன் நெற்றியெல்லாம் வேர்வை.

"வேணும்னுதானே அடிச்ச?"

"ஆமா."

கட்டைக் கையால் தடவிப் பார்த்தான். பிறகு, "யார்ட்டயும் சொல்லிருவியா?" என்றான்.

"யார்ட்ட சொல்ல? சொன்னா திரும்பக் குழியில கொண்டு உக்கார வைப்பாவ."

சைக்கிளிலிருந்து விழுந்துவிட்டான் என்று வீட்டில் சொன்னான். ராஜபாளையம் போகவில்லை. போகாததால் தோற்கவும் இல்லை. அவன் போயிருந்தால் அந்த ஆள் என்ன ஆகியிருப்பானோ என்று ஊர் பேசிக்கொண்டது. நான் அடித்த அடியும் அவன் பேருக்குத்தான் உரமாகப் போயிற்று. எனக்கு அன்றைக்கு ஒரு சந்தோஷம் இருந்தது, மறுக்கவில்லை. இரண்டு நாள்கூடத் தாங்கவில்லை. அவன் இருமும்போதெல்லாம் அம்மா ஓடிப்போய் நெஞ்சைத் தடவிவிடுவாள். நான் கஞ்சி கொண்டுபோய் வைப்பேன்.

பேய் பிடித்த பெண் என்று பேராகிவிட்டதால் அப்புறம் நல்ல சம்பந்தம் எதுவும் வரவில்லை. இளையரசனேந்தல் பக்கத்தில் ஒருவருக்கு என்னைக் கொடுத்தார்கள். முதல் மனைவி பிரசவத்தில் போய்விட்டவள். மழையை நம்பின காடு, கம்பும் பருத்தியும், இரண்டு மாடு. அண்ணன்தான் முன்னால் நின்று எல்லாம் செய்தான். தாலி கட்டும்போது அவன் கண்ணில் தண்ணீர் இருந்தது. எதற்கு என்று நான் யோசிக்கவில்லை.

அங்கே எனக்குத் தனியாகத் தொழுவம் இருந்தது. கதவு இருந்தது. புருஷன் காட்டுக்குப் போனபின் பார்க்க யாரும் இல்லை. இனி யார் தடுப்பது என்று முதல் வாரமே ஆரம்பித்தேன். நிற்கத் தனியாக முடியும். கையைக் காலை வீசத் தனியாக முடியும். ஆனால் எதிராளி இல்லாமல் சண்டைக் கை நிலைக்காது. தோலுக்குக் கேட்கிற காது, இன்னொரு தோல் படாவிட்டால் செவிடாகிவிடும். ஒரு வருஷத்தில் எனக்கு அது புரிந்தது. மூன்றாம் வருஷம், மூத்தவன் பிறந்தபின், விட்டுவிட்டேன்.

என் புருஷன் கெட்ட மனுஷன் இல்லை. பேசுவது குறைவு. பேய்க் கதை தெரிந்தேதான் கட்டிக்கொண்டார், ஒருநாளும் குத்திக்காட்டியதில்லை. ஐந்தாம் வருஷம் ஐப்பசியில், நான் படலைச் சாத்த மறந்துவிட்டதால் கன்று போய்க் கதிர் பிடிக்கிற கம்பில் ஒரு துண்டு நிலத்தில் பாதியை மேய்ந்துவிட்டது. அவர் காட்டிலிருந்து வந்த வேகத்தில் கையை ஓங்கினார். தோள் உயர்ந்தது எனக்குத் தெரிந்தது. எந்தக் கை, எந்தப் பக்கம், எவ்வளவு வேகம் எல்லாம் தெரிந்தது. என் கையும் எழுந்தது. ஆனால் அறை விழுந்த பிறகுதான் எழுந்தது. நான் முகத்தைப் பொத்திக்கொள்கிறேன் என்று அவர் நினைத்தார். தடுக்கப் போன கை அது என்று அவருக்குத் தெரியவில்லை. அவருக்கே ஒருமாதிரி ஆகிவிட்டது. தண்ணீரைக் குடித்துவிட்டு வெளியே போய் உட்கார்ந்தார்.

நான் உள்ளே போய் அழுதேன். அறைந்ததற்காக என்றுதான் அவர் நினைத்திருப்பார்.

மறுநாள் தீபாவளிச் சீர் கொண்டு அண்ணன் வந்தான். கன்னத்தில் விரல் பதிந்தது இன்னும் போகவில்லை. அவன் பார்த்தான். பையைக் கீழே வைத்துவிட்டு, என் புருஷன் மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போகும்வரை மழையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தான். பிறகு குரலைத் தாழ்த்தினான்.

"வாறது தெரியலையா உனக்கு?"

அவன் வாயிலிருந்து அந்தக் கேள்வி வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. எனக்கு அந்த வித்தை தெரியும் என்று அவன் வாய்விட்டு ஒத்துக்கொண்டது பினாங்கை விட்டு வந்தபின் அதுதான் முதல் தடவை. அதுவும் இரண்டு பேர் மட்டும் இருக்கும்போது.

"தெரிஞ்சது. கைதான் வரல."

"அப்பப்பப் பழகுதியா?"

"யார்கூடப் பழக?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான். "எனக்கும் ஆள் இல்ல," என்றான். "பயலுவ எல்லாம் நான் கையைத் தூக்குனாலே விழுதானுவ. மரியாதையாம். நிசமா ஒருத்தன் அடிக்க வந்தா இப்ப தடுப்பேனான்னு எனக்கே தெரியல."

இன்னும் ஏதோ சொல்ல வந்தான். அன்றைக்குக் கூடத்தில் சொன்னதைப் பற்றித்தான் என்று எனக்குப் பட்டது. நான் காத்திருந்தேன். அவன் துண்டைத் தோளில் போட்டான், கைக்கடிகாரத்தைப் பார்த்தான்.

"ரெண்டு மணி பஸ்ஸ விட்டா அப்புறம் சாயங்காலம்தான்," என்றான். "நான் வாரேன்."

அடுப்பில் சோறு கொதித்துக்கொண்டிருந்தது. சாப்பிட்டுவிட்டுப் போ என்று நான் சொல்லவில்லை.